அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு இத்தனை விமானங்கள் எப்படி வந்தன?

ஒரு வாசகரின் கேள்வி, 6 ஏப்ரல் 2025

அயர்லாந்தின் விமான நிறுவனமான ஏர் லிங்கஸ் அடுத்த வாரம் அமெரிக்காவின் நாஷ்வில்லுக்குப் பறக்கத் தொடங்குகிறது. மே மாதம் இண்டியானாபொலிஸ். அயர்லாந்தின் மக்கள்தொகையே ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேல்தான், சென்னை மாநகரை விடக் குறைவு. அந்த நாட்டு விமானம் அமெரிக்காவில் 15-க்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் போகிறது. காரணம் ஒன்றுதான் என்கிறேன். அமெரிக்காவில் ஐரிஷ் வம்சாவளியினர் 3 கோடிக்கு மேல் இருக்கிறார்கள், பாட்டன் ஊரைப் பார்க்க வந்து போகிறார்கள். வேறு காரணம் உண்டு என்பவர்கள் சொல்லுங்கள்.

6 ஏப்ரல், இரவு 10.40

நான் மறுக்கிறேன். 2014-லிருந்து டப்ளினில் இருக்கிறேன். தம்பி க்ளீவ்லாண்டில் இருப்பதால் இந்தக் கடலை அடிக்கடி தாண்ட வேண்டியிருக்கிறது.

பாட்டன் ஊர்ப் பாசம்தான் காரணம் என்றால் 1960-லேயே இத்தனை விமானங்கள் பறந்திருக்க வேண்டும். ஊரை விட்டுப் போனவர்கள் உயிரோடு இருந்த காலம் அது. இப்போது வருவது பேரன், கொள்ளுப்பேரன். பாசம் நீர்த்துப்போன காலத்தில்தான் விமானங்கள் பெருகியிருக்கின்றன. அப்படியானால் வேறு ஏதோ ஒன்று இத்தனை வருடம் தடுத்து வைத்திருந்தது, அது பிறகு விலகியது என்றுதானே அர்த்தம்? அந்தத் தடையின் பெயர் ஷானன். நாளை எழுதுகிறேன்.

7 ஏப்ரல், காலை

ஷானன் என்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில், க்ளேர் மாவட்டத்தில் உள்ள விமான நிலையம். பழைய விசிறி விமானங்களுக்கு ஒரே மூச்சில் அட்லாண்டிக்கைத் தாண்ட எரிபொருள் போதாது. ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் நிரப்பிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். 1939-ல் பான் ஆம் நிறுவனத்தின் கடல் விமானங்கள் ஃபாயின்ஸ் என்ற ஊரில் ஆற்றுமுகத்து நீரில் வந்து இறங்கின. போர் முடிந்ததும் எதிர்க்கரையில் ஷானன் ஓடுதளத்துக்கு அட்லாண்டிக் விமானங்கள் வரத் தொடங்கின. சக்கர விமானங்கள் வந்துவிட்டதால் ஃபாயின்ஸுக்கு வேலை இல்லாமல் போனது.

பின்னர் ஜெட் விமானம் வந்தது. ஏர் லிங்கஸ் 1960 கடைசியில் போயிங் 720 வாங்கி நியூயார்க்குக்கு விட்டது. டப்ளினிலிருந்து நேரே போக இயந்திரத்துக்குச் சக்தி உண்டு, சட்டத்தில்தான் இடமில்லை. அமெரிக்கா போகும் விமானமும் அங்கிருந்து வரும் விமானமும் ஷானனில் இறங்கியே ஆக வேண்டும் என்பது இரண்டு அரசுகளின் ஒப்பந்தம். நியூயார்க்கிலிருந்து இரவெல்லாம் பறந்து வந்தவர், ஷானனில் இறங்கிக் காத்திருந்து, மறுபடி ஏறி, 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டப்ளினில் இறங்குவார். இப்படி ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, 1993 வரை! அதன் பிறகும் முழுதாகத் தளரவில்லை. டப்ளினுக்கு நேராக ஒன்று விட்டால் ஷானனுக்கும் ஒன்று விட வேண்டும் என்ற மாதிரி ஒரு பாதி விடுதலை. முழு விடுதலை ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் 2007-ல் கையெழுத்திட்ட திறந்த வான் ஒப்பந்தத்தால் வந்தது. நடைமுறைக்கு வந்தது மார்ச் 2008.

ஒரு நிறுவனத்தின் காலில் ஐம்பது வருடம் விலங்கு. அது கழன்ற பிறகுதான் ஓட்டம்.

7 ஏப்ரல், மதியம்

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. ஏர் லிங்கஸின் அட்லாண்டிக் சேவை ஜெட்டோடு தொடங்கவில்லை. 1958 ஏப்ரல் 28 அன்று தொடங்கியது. ஓடியது சொந்த விமானம்கூட இல்லை, அமெரிக்க நிறுவனம் ஒன்றிடம் வாடகைக்கு எடுத்த சூப்பர் கான்ஸ்டலேஷன்.

அதற்கும் பின்னால் ஒரு கதை உண்டு. 1947-லேயே இதற்கென்று தனி நிறுவனம் அமைத்து ஐந்து கான்ஸ்டலேஷன் விமானங்களை வாங்கிவிட்டார்கள். 1948 பிப்ரவரியில் ஆட்சி மாறியது. புதிய அரசு செலவு கட்டாது என்று திட்டத்தை நிறுத்தி விமானங்களை விற்றுவிட்டது. பத்து வருடம் போயிற்று. நம் ஊரில் ஆட்சி மாறியதும் பழைய ஆட்சியின் பாலம் பாதித் தூணோடு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

12 ஏப்ரல்

இன்று நாஷ்வில் முதல் விமானம். டப்ளினில் விமான நிலையத்துக்கு அருகே சுவோர்ட்ஸ் பக்கம் குடியிருப்பதால் மொட்டைமாடி இல்லாத குறையைப் பின்வாசலில் நின்று தீர்த்துக்கொள்கிறேன். பச்சை வால் தலைக்கு மேல் போவதைப் பார்த்தேன். அது நாஷ்வில்தானா என்று கைப்பேசியில் பார்த்து உறுதி செய்யவும் செய்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வந்து போனது அகல உடல் விமானம் இல்லை. ஏர்பஸ் 321 எக்ஸ்எல்ஆர். நடுவில் ஒரே ஒரு நடைவழி, இரண்டு பக்கமும் மும்மூன்று இருக்கைகள், சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் விமானத்தின் அண்ணன் மாதிரி. பின்பகுதியில் 12,900 லிட்டர் பிடிக்கும் கூடுதல் தொட்டி. கிட்டத்தட்ட 8,700 கிலோமீட்டர் பறக்கும் என்கிறது ஏர்பஸ். 2024 டிசம்பரில் ஏர் லிங்கஸுக்கு முதல் எக்ஸ்எல்ஆர் வந்தது. இதற்கு முந்தைய வகையான 321 எல்ஆர் 2019-லேயே வந்துவிட்டது.

என் கணக்கு இதுதான். அகல உடல் ஏர்பஸ் ஏ330-இன் பெரிய வகையில் 300-க்கு மேல் இருக்கைகள். நாஷ்வில்லுக்கு அதை விட்டால் பாதி காலியாகப் போகும். 321-இல் 184 இருக்கைகள், வாரத்தில் நாலு நாள் விட்டால் நிரம்பும். பெரிய பேருந்து போகாத கிராமத்துக்கு மினி பஸ் போகிற கதை. ஊர் பெருத்து விமானம் வரவில்லை, விமானம் சிறுத்து ஊர்கள் கைக்கு எட்டின.

மினி பஸ் கதையை ஏர் லிங்கஸ் முன்பே ஒத்திகை பார்த்தது. 2014-ல் பழைய போயிங் 757 விமானங்களை வாடகைக்கு எடுத்து ஷானனிலிருந்து பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் விட்டது. 2016-ல் டப்ளினிலிருந்து கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டுக்கும். வருமானம் குறைந்தால் ஈடுகட்டுவதாக அந்த மாநில அரசே பொறுப்பேற்றது. அதுவும் ஒரு காரணம், மறைக்க வேண்டியதில்லை.

13 ஏப்ரல்

இரண்டு இயந்திரம் மட்டும் உள்ள விமானம் நடுக்கடலில் போவது பயமாக இல்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. ஒரு இயந்திரம் நின்றாலும் மற்றதை வைத்து இத்தனை நிமிடத்துக்குள் ஒரு ஓடுதளத்தை எட்ட வேண்டும் என்பதே விதி. முன்பு 60 நிமிடம். 1985-ல் 120 ஆனது. ஏ330 விமானத்தை அந்த விதிப்படி அட்லாண்டிக்கில் முதலில் ஓட்டியது ஏர் லிங்கஸ்தான், 1994 மே மாதம். அடுத்த வருடம் அவர்களுடைய நாலு இயந்திர போயிங் 747-கள் ஓய்வு பெற்றன. 1979-ல் போப் இரண்டாம் ஜான் பால் அயர்லாந்து வந்ததும், இங்கிருந்து பாஸ்டன் போனதும் ஏர் லிங்கஸ் 747-இல்தான்.

19 ஏப்ரல்

விடுமுறை, நேரம் இருக்கிறது. நான் பெரிதென்று நினைக்கும் காரணத்தை எழுதுகிறேன்.

டப்ளினிலும் ஷானனிலும் அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் அயர்லாந்து மண்ணிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். விமானம் ஏறும் முன்பே பாஸ்போர்ட், விசா, கைரேகை, சுங்கம் எல்லாம் முடிந்துவிடும். அமெரிக்காவில் இறங்கும்போது உள்நாட்டு விமானத்தில் வந்தவர் மாதிரி பையை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஷானனில் 1986-ல் தொடங்கியது, டப்ளினில் 1994-ல். சுங்கச் சோதனையும் சேர்ந்து முழு வடிவம் பெற்றது ஷானனில் 2009, டப்ளினில் 2011. ஐரோப்பாவில் வேறெங்கும் இது இல்லை.

இதன் அருமை பட்டவனுக்குத்தான் தெரியும். 2015-ல் வேறொரு ஐரோப்பிய ஊர் வழியாக ஒரு பெரிய அமெரிக்க விமான நிலையத்தில் இறங்கினேன். குடியேற்ற வரிசை இரண்டரை மணி நேரம். க்ளீவ்லாண்டுக்கு ஏற வேண்டிய விமானம் கண் முன்னால் பலகையில் 'புறப்பட்டது' என்று மாறியது. இரவு முழுக்க நாற்காலியில். மறு வருடம் டப்ளினிலிருந்து பாஸ்டன் வழியாகப் போனேன். சோதனை இடத்தில் திரையில் என் பெட்டியின் படம் வந்தது, கைப்பிடியில் தங்கை கட்டிய மஞ்சள் ரிப்பன் உட்பட. உன்னுடையதா என்றார் அதிகாரி, ஆமாம் என்றேன். பாஸ்டனில் வரிசையே இல்லை.

அம்மாவை 2023 ஜூலையில் அனுப்பினேன். அந்த வருடம் மே மாதம்தான் டப்ளின் – க்ளீவ்லாண்ட் நேரடி விமானம் தொடங்கியிருந்தது. அம்மா தனியாகப் போகிறார், ஆங்கிலம் பத்து சொல். டப்ளின் இந்தியக் கடையில் ஒரு கட்டு கறிவேப்பிலை வாங்கி, ஈரச் செய்தித்தாளில் சுருட்டி, புடவைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. உணவுப் பொருள் உண்டா என்று அதிகாரி கேட்டதும் அம்மா தானாகவே "கறி லீஃப்" என்று சொல்லிவிட்டார். அமெரிக்காவுக்குள் பச்சைக் கறிவேப்பிலை போகக் கூடாது, அது எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சியைச் சுமந்து வரலாம். எடுத்து வைத்துக்கொண்டார்கள். பருப்புப் பொடியும் மாவடுவும் போயின. இவ்வளவும் நடந்தது டப்ளினில். நான் வெளியே காத்திருந்தேன், அம்மா அங்கிருந்தே போனில் சொல்லி வருத்தப்பட்டார். இதே சிக்கல் க்ளீவ்லாண்டில் நடந்திருந்தால், பயண அலுப்போடு, தமிழ் பேசக் கூப்பிடு தூரத்தில் ஆளில்லாமல் நின்றிருப்பார்.

20 ஏப்ரல்

கேட்டவருக்கு: ஆமாம், அனுமதி மறுத்தாலும் டப்ளினிலேயே நின்றுவிடலாம், கடல் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டாம்.

இன்னொரு பயனும் உண்டு. உள்நாட்டு விமானம் போல இறங்குவதால் உள்நாட்டு முனையத்திலேயே நிற்கலாம். 2013-ல் நியூயார்க் கென்னடியில் ஏர் லிங்கஸ், அமெரிக்க விமான நிறுவனமான ஜெட்ப்ளூவின் 5-ஆம் முனையத்துக்கு மாறியது இதை வைத்துத்தான். பயணி அங்கே இறங்கி அப்படியே அடுத்த வாசலுக்கு நடக்க முடிந்தது.

4 மே

நேற்று இண்டியானாபொலிஸும் தொடங்கிவிட்டது. ஏன் இண்டியானாபொலிஸ் என்று அலுவலகத்தில் கேட்டால் மருந்து என்று ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள். எலை லில்லியின் தலைமையகம் அந்த ஊர். அதன் பெரிய ஆலை கார்க் மாவட்டத்துக் கின்சேலில், இன்னொன்று லிமரிக்கில்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தைப் பாருங்கள். மினியாபொலிஸ்: மருத்துவக் கருவி செய்யும் மெட்ரானிக் அங்கே இயங்குகிறது, சட்டப்படியான தலைமையகம் டப்ளினில். க்ளீவ்லாண்ட்: ஈட்டன் நிறுவனம் அதே மாதிரி. சியாட்டில், சான் பிரான்சிஸ்கோ: டப்ளினில் ஐரோப்பியக் கிளை வைத்திருக்கும் கணினி நிறுவனங்களின் வரிசை, எனக்குச் சம்பளம் தருவதும் அதில் ஒன்று. அயர்லாந்தின் குறைந்த கம்பெனி வரி போட்ட கோடுகளின் மேல் விமானம் பறக்கிறது. முன்வரிசைப் படுக்கை இருக்கை 16-ஐ நிரப்புவது இவர்கள்தான். பின்னால் உட்காரும் நம் போன்றோரின் டிக்கெட் விலை தாங்குவதும் அதனால்தான்.

ஆகவே வம்சாவளி வாதம் முடிந்தது என்பேன்.

5 மே

முடியவில்லை. இரவு தூக்கம் வராமல் க்ளீவ்லாண்ட் பற்றி யோசித்தேன். ஈட்டனை எழுதினேன், அக்கில்லை மறந்தேன். மேயோ மாவட்டத்தில் அக்கில் என்று ஒரு தீவு. பஞ்ச காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக அந்தத் தீவுக்காரர்கள் குடியேறிய ஊர் க்ளீவ்லாண்ட். இரண்டும் இரட்டை ஊர்களாக அறிவித்துக்கொண்டவை. தம்பி வீட்டுத் தெருவில் உள்ள தேவாலயக் கல்லறையில் 'அக்கில்' என்று செதுக்கிய கல்லை நானே பார்த்திருக்கிறேன். பார்த்தும் எழுதாமல் விட்டது தவறு.

கேள்வி கேட்டவருக்குப் பாதி விட்டுக்கொடுக்கிறேன். மே முதல் செப்டம்பர் வரை இருக்கையை நிரப்புவது அந்தப் பாசம். நவம்பரில் நிரப்புவது அது இல்லை.

11 மே

அப்படியானால் நவம்பரில் யார்? அயர்லாந்துக்காரரே இல்லாதவர்கள். எடின்பரோ, மான்செஸ்டர், பர்மிங்காம் ஆட்கள் காலையில் டப்ளின் வந்து, இரண்டு மணி நேரத்தில் சோதனை முடித்து, அமெரிக்கா ஏறுகிறார்கள். லண்டன் வழியாகப் போவதென்றால் பின்னோக்கிப் போய் முன்னோக்கி வர வேண்டும். டப்ளின் போகிற வழியிலேயே இருக்கிறது. 2015-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸின் தாய் நிறுவனமான ஐஏஜி ஏர் லிங்கஸை வாங்கியதும் இதைப் பார்த்துத்தான். வாங்கியபோது ஐஏஜியின் தலைவராக இருந்த வில்லி வால்ஷ், 1979-ல் ஏர் லிங்கஸில் பயிற்சி விமானியாகச் சேர்ந்தவர், பிறகு அதே நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தவர். வளர்ந்த வீட்டை விலைக்கு வாங்கியவர். அடுத்த நான்கே வருடத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ், நியூவார்க், மயாமி, ஃபிலடெல்ஃபியா, சியாட்டில், மினியாபொலிஸ் என்று வரிசையாக வந்தன.

கொஞ்சம் விலகிப் போகிறேன். ஏர் லிங்கஸ் என்பது ஐரிஷ் மொழியிலிருந்து வந்த பெயர், வான் கப்பற்படை என்று பொருள். என் தாத்தா கடைசி வரை ஆகாயக் கப்பல் என்றுதான் சொன்னார்.

2 ஜூன்

நீண்ட வார இறுதியில் ஷானன் பக்கம் போய் வந்தேன். ஏப்ரல் 7-ஆம் தேதி 'விலங்கு' என்று எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

உடன் வேலை செய்பவரின் சொந்த ஊர் என்னிஸ், ஷானனிலிருந்து காரில் கொஞ்ச தூரம். அவருடைய அப்பாவுக்கு வயது 81. ஷானன் விமான நிலையத்துச் சமையல்கூடத்தில் 31 வருடம் வேலை செய்தவர். சமையலறை மேசையில் தேநீர் ஊற்றிக்கொண்டே பேசினார். விரல் நுனிகளில் பழைய எண்ணெய்ச் சூட்டு வடுக்கள். உலகின் முதல் வரியில்லா விமான நிலையக் கடை 1947-ல் ஷானனில்தான் திறந்தது, பிரெண்டன் ஓ'ரீகன் என்ற மனிதரின் யோசனை. விமானம் வருவது நின்றுவிடுமோ என்ற பயத்தில் அதே ஓ'ரீகன் ஓடுதளத்தை ஒட்டியே தொழிற்பேட்டையும் வரவழைத்தார். 1980-களில் ஹவானா போகும் சோவியத் விமானங்கள்கூட எரிபொருளுக்கு இறங்கின. கட்டாய நிறுத்தம் என்பது டப்ளின்காரனுக்கு ஒரு மணி நேர எரிச்சல், அந்தப் பெரியவருக்கு நாலு பிள்ளைகளின் படிப்பு. அது போனால் அந்தப் பிள்ளைகளும் அமெரிக்கா போக வேண்டியதுதான். ஊரை விட்டுப் போகிறவனுக்கு முந்தைய இரவு, செத்த வீட்டில் விழித்திருப்பது போல விழித்திருந்து அழும் வழக்கம் இந்தப் பக்கம் இருந்தது. அதற்கு 'அமெரிக்க விழிப்பு' என்றே பெயர்.

1993-ல் அரசு இறங்கி வந்தபோது க்ளேர் தொகுதியின் ஷீலா டி வலேரா, நாட்டின் தலைவராக இருந்த எமன் டி வலேராவின் பேத்தி, தன் ஆளும் கட்சியின் நாடாளுமன்ற அணியை விட்டே விலகினார். டப்ளினில் உட்கார்ந்து இதைப் படித்தபோது பிடிவாதம் என்று நினைத்தேன். அந்தச் சமையலறையில் அப்படித் தோன்றவில்லை.

டப்ளின் நேரடி விமானங்கள் வர வேண்டியவைதான், அதில் என் கருத்து மாறவில்லை. ஆனால் யாருடைய சோற்றை எடுத்து அது நடந்தது என்பதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பெரியவர் வாசல் வரை வந்து கையைக் காட்டினார். பாஸ்டனிலிருந்து வந்த 321 ஒன்று அப்போது இறங்கிக்கொண்டிருந்தது. நிரம்பி வருகிறது, ஆனால் எங்கள் காலத்தில் இதைவிடப் பெரிதாக வரும் என்றார். மினி பஸ் ஷானனையும் கைவிடவில்லை என்று நான் சொன்னது அவருக்குப் பிடித்த மாதிரித் தெரியவில்லை.

3 ஜூன்

இப்போது தடை டப்ளினுக்கே வந்திருக்கிறது. 2-ஆம் முனையம் கட்ட 2007-ல் அனுமதி கொடுத்தபோது, இரண்டு முனையங்களும் சேர்ந்து வருடத்துக்கு 3.2 கோடிப் பயணிகளைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். பக்கத்துச் சாலை நெரிசல்தான் அன்றைய காரணம். 2022 ஆகஸ்டில் 3,110 மீட்டர் வடக்கு ஓடுதளம் திறந்தாயிற்று, நிபந்தனை அப்படியே நிற்கிறது. வழக்கு நடக்கிறது. ஷானன்காரர்கள் மிச்சத்தை எங்களிடம் அனுப்புங்கள் என்கிறார்கள். பெரியவரைப் பார்த்த பிறகு எனக்கு அது நியாயமாகப் படுகிறது. ஆனால் மான்செஸ்டரிலிருந்து வந்து ஏறுகிறவர் ஷானனுக்கு எப்படி வருவார்? இணைப்பு விமானங்கள் எல்லாம் டப்ளினில்தானே இறங்குகின்றன. இதற்கு என்னிடம் விடை இல்லை.

17 ஆகஸ்ட்

அம்மா ஜூன் மாதம் மறுபடி க்ளீவ்லாண்ட் போனார், இந்த முறை கறிவேப்பிலை இல்லாமல். இன்று காலை திரும்பினார். வருகை வாசலில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரவெல்லாம் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அந்தம்மா க்ளீவ்லாண்டிலேயே பிறந்தவர், 76 வயது, அயர்லாந்துக்கு இதுதான் முதல் முறை. உறையிலிருந்து ஒரு புகைப்படம் எடுத்துக் காட்டினார். கல் வீட்டு வாசலில் தொப்பி போட்ட ஒரு ஆள், அவருடைய தாத்தா. பின்பக்கம் பென்சிலில் அக்கில் என்று எழுதியிருந்தது.

கேள்வி கேட்டவரே, 5 மே குறிப்பில் பாதி கொடுத்தேன், இன்று இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இருவரும் என்ன பேசினார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். முட்டி வலிக்குத் தைலம் கொடுத்தேன், தேய்த்துக்கொண்டார் என்றார். அந்தம்மா அக்கில்லில் பத்து நாள் இருக்கிறாராம், தங்கும் விடுதியின் பெயரை அம்மாவின் தைல டப்பா மேல் எழுதிக் கொடுத்திருக்கிறார். காரில் எவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டார். நாலு மணி நேரம் ஆகும். சனிக்கிழமை போகிறோம், இட்லிப் பொடியோடு.